அரியதும் அருமையானதும்

நம் மொழியில் 'அருமை' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. எளிதில் கிடைக்காமை ஒன்று. செய்தற்குக் கடினமாயிருத்தல் மற்றொன்று. உயர்ந்த மதிப்புடைமை மூன்றாவது. அரிய மூலிகை என்கிறோம். அரிய செயல் என்கிறோம். அருமை மகள் என்றும் சொல்கிறோம். இம்மூன்றையும் ஒரே வேரில் அடக்கிய நம் முன்னோர், மனித மனத்தின் பழக்கம் ஒன்றை நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம். எது கிடைப்பது கடினமோ அதையே மனம் பெரிதாக எண்ணுகிறது. தெருவெல்லாம் கொட்டிக் கிடப்பதை அது ஏறிட்டும் பார்ப்பதில்லை.

ஆயினும், ஏழு பிள்ளைகளைப் பெற்ற தாயும் ஒவ்வொரு பிள்ளையையும் 'என் அருமைப் பிள்ளை' என்றே அழைக்கிறாள். எண்ணிக்கை கூடியதால் அவளுக்கு அருமை குறைந்துவிடவில்லை. இங்கே அருமை என்பது கிடைப்பதன் கடினத்தைக் குறிக்கவில்லை. அன்பின் ஆழத்தைக் குறிக்கிறது. ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு அளவுகோல்கள் ஒளிந்திருக்கின்றன. சந்தை ஓர் அளவுகோலைக் கையில் எடுக்கிறது. அன்பு மற்றொன்றை எடுக்கிறது. அரிதாயிருப்பதனாலேயே ஒரு பொருள் அருமையானதாகிவிடுமா? அரிய பொருளைக் கையில் வைத்திருப்பவருக்குப் பிறர்பால் ஏதேனும் கடமை உண்டா? இவையே இங்கு நாம் எண்ணிப் பார்க்கும் வினாக்கள்.

பெரிய வினாக்களைச் சிறிய பொருளில் வைத்து உரைத்துப் பார்ப்பது நல்லது. எனவே பொன்னையும் நிலத்தையும் விடுத்து, மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்வோம். திரைப்படங்களைத் தாங்கி வந்து, இப்போது பதிப்பு நின்றுபோன வட்டத் தகடுகளே அப்பொருள்.

தகடுகள் அரிதான விதம்

டிவிடி எனப்படும் திரைப்படத் தகடு 1996ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானிலும், 1997ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1978இல், லேசர் தட்டு என்னும் பெரிய வட்டு அமெரிக்காவில் அறிமுகமாகியிருந்தது. பின்னர் 2006இல் ப்ளூ-ரே தகடு வந்தது. திரையரங்குகளுக்கே உரியதாயிருந்த ஒரு கலை, இவற்றால் நடுத்தரக் குடும்பத்தின் அலமாரிக்குள் நூல்களோடு நூலாக வந்து அமர்ந்தது. ஒருவர் தாம் விரும்பிய படத்தை விலைகொடுத்து வாங்கலாம், வேண்டும்போது பார்க்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், தம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்ற நிலை ஏற்பட்டது.

அந்தக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1998ஆம் ஆண்டு முதல் அமெரிக்க இல்லங்களுக்கு அஞ்சல் வழியே தகடுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், 500 கோடிக்கும் மேற்பட்ட தகடுகளை அனுப்பிய பின், 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அப்பணியை முடித்துக்கொண்டது. கடைசியாகத் தம்மிடம் வந்து சேர்ந்த தகடுகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கப்பட்டது. பெஸ்ட் பை என்னும் பெரிய அமெரிக்க விற்பனைக் குழுமம் 2024இல் திரைப்படத் தகடுகளை விற்பதைக் கைவிட்டது. தகடுகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சிறிய வெளியீட்டாளர் சிலர் இன்றும் பழம்படங்களைத் தேடித் தேடி வெளியிடுகின்றனர். எனினும் பெருவெள்ளம் வடிந்துவிட்டது.

ஒரு தகட்டின் பதிப்பு ஏன் நின்றுபோகிறது? காரணங்கள் பெரும்பாலும் எளியவை. வெளியீட்டாளர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே படத்தின் உரிமத்தைப் பெறுகிறார். அக்காலம் முடிந்ததும் அச்சும் முடிகிறது. சில நேரம் படத்தில் ஒலிக்கும் பாடல்களின் உரிமம் தடையாகிறது. சார்லஸ் பர்னெட் என்னும் கறுப்பின இயக்குநர், பல்கலைக்கழக மாணவராக இருந்து 1977இல் எடுத்து முடித்த 'கில்லர் ஆஃப் ஷீப்' படம், பாடல் உரிமங்களுக்குப் பணம் கட்ட இயலாமல் 2007 வரை முறையாக வெளியிடப்படாமலே கிடந்தது. இத்தனைக்கும் 1990இலேயே அமெரிக்க நாட்டின் காக்கத் தகுந்த படங்களின் பதிவேட்டில் அது இடம்பெற்றிருந்தது! இவை போதாதென்று, டிவிடி தகடுகளுக்கு உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தின் தகடு மற்றொரு மண்டலத்தின் கருவியில் இயங்காதவாறு பூட்டும் போட்டனர். இயற்கையாக வரும் பஞ்சம் ஒன்று. மனிதர் விதித்து வரும் பஞ்சம் மற்றொன்று. தகடுகளின் பஞ்சம் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று. பிரெஞ்சுக் கத்தோலிக்க எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸ் 1936இல் எழுதிய புதினத்தை ஒட்டி, ரொபேர் பிரெஸ்ஸோன் 1951இல் 'ஒரு நாட்டுப்புறப் பங்குத்தந்தையின் நாட்குறிப்பு' என்னும் படத்தை எடுத்தார். நோயுற்ற இளங்குரு ஒருவர் சிற்றூர்ப் பங்கொன்றுக்கு வருகிறார். மக்கள் அவரை ஏற்பதில்லை, ஏளனம் செய்கின்றனர். ரொட்டியும் மதுவும் தவிர வேறெதையும் ஏற்காத வயிற்றோடு, செபிக்கவும் இயலாத இருளோடு, அவர் தம் கடமையை விடாது செய்து மடிகிறார். சாகும்போது அவர் உணர்வது இறையருளை மட்டுமே. குருத்துவ வாழ்வை இத்தனை உண்மையோடு காட்டிய படங்கள் மிகச் சில. அமெரிக்காவில் கிரைட்டீரியன் நிறுவனம் இப்படத்தைத் தகடாக வெளியிட்டிருந்தது. 2010இல் பிரெஞ்சு உரிமையாளரிடமிருந்து பெற்ற உரிமம் முடிவுக்கு வந்தபோது, இதுவும் ழான் ரெனுவாரின் 'மாபெரும் மாயை' உள்ளிட்ட வேறு பல படங்களும் ஒன்றாகப் பதிப்பு நின்றன. அதுவரை கடையில் சாதாரண விலைக்குக் கிடந்த தகடுகளைச் சேகரிப்பாளர்கள் தேடத் தொடங்கினர். படம் மாறவில்லை, அதில் வரும் குருவின் துயரம் கூடவோ குறையவோ இல்லை. கிடைக்காது என்ற ஒரே செய்தி அதன் விலையை மாற்றிவிட்டது.

விலை எதை அளக்கிறது?

இதில் தவறென்ன என்று கேட்கலாம். பொருள் குறைந்தால் விலை ஏறுவது சந்தையின் இயல்புதானே! விற்பவரை யாரும் குற்றம் சொல்ல முடியுமா?

இவ்வினாவைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் ஆராய்ந்திருக்கிறார். தம் இறையியல் பெருநூலில், இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவு, 77ஆம் வினாவில், நேரிய விலை பற்றி அவர் கூறும் கருத்து நம் காலத்துக்கும் பொருந்துவது. ஒரு பொருளை விற்பதால் விற்பவருக்கு இழப்பு ஏற்படுமாயின், அந்த இழப்பையும் சேர்த்து அவர் விலை கூறலாம். ஆனால் அவருக்கு இழப்பு ஏதும் இல்லாமல், வாங்குபவருக்கு அப்பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்பதற்காகவே விலையை உயர்த்தக் கூடாது. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவருடையது. விற்பவர் தமக்குச் சொந்தமல்லாததை விற்க முடியாது. வாங்குபவர் மனமுவந்து சற்று மிகுதியாகத் தந்தால், அது அவரது பெருந்தன்மை.

எத்துணை நுட்பமான பாகுபாடு இது! தாம் நேசித்த ஒரு படத்தை, வறுமையாலோ முதுமையாலோ பிரிய நேர்ந்தவர் கூடுதல் விலை கேட்டால் அதில் நியாயம் உண்டு. அவர் இழப்பது உண்மையான இழப்பு. தேடி அலைந்து, பழுது பார்த்து, பத்திரமாகக் காத்து விற்கும் வணிகரும் தம் உழைப்புக்கு ஊதியம் பெறலாம். அக்குவினாஸ் அதையும் மறுப்பதில்லை. ஆனால் பதிப்பு நிற்கப் போகிறது என்று அறிந்தவுடன் கடையிலுள்ளவற்றையெல்லாம் அள்ளிச் சென்று, அவற்றுள் ஒன்றையேனும் பார்க்காமல், பிறருடைய ஏக்கம் முற்றும்வரை காத்திருப்பவர் எதை விற்கிறார்? படத்தையா? இல்லை. பிறருடைய ஏக்கத்தையே அவர் அவர்களுக்கு விற்கிறார்.

விலையால் அளக்க முடியாதது ஒன்று உண்டு என்பதை அண்மைய நிகழ்ச்சி ஒன்றும் காட்டுகிறது. 2006 முதல் 2008 வரை வார்னர் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட டிவிடி தகடுகள் பல, தயாரிப்புக் குறையால் தாமாகவே கெட்டுப்போயின. 2025இல் அந்நிறுவனம் இதை ஒப்புக்கொண்டு, இயன்றவரை அதே படத்தின் புதிய தகட்டை மாற்றித் தர முன்வந்தது. பதிப்பு நின்றுபோனவற்றுக்கும் உரிமம் முடிந்தவற்றுக்கும் என்ன செய்வது? அவற்றுக்கு ஈடான மதிப்புள்ள வேறொரு படம் தரப்படும் என்று அறிவித்தது. வணிக முறைப்படி இது நேர்மையான ஏற்பாடே, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 'ஈடான மதிப்பு' என்ற சொல்லில் சற்றே நின்று சிந்திப்போம். நூறு ரூபாய்த் தாளுக்கு மற்றொரு நூறு ரூபாய்த் தாள் ஈடாகும். ஒரு படத்துக்கு மற்றொரு படம் ஈடாகுமா? காணாமற்போன ஓர் ஆட்டுக்கு ஈடாகத் தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருந்தும், ஆயன் அந்த ஒன்றைத் தேடித்தானே போனான்! விலை என்பது பொருள்களை ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக ஆக்குகிறது. மதிப்போ ஒவ்வொன்றையும் அதுவாகவே அறிகிறது.

பூச்சியும் துருவும்

தகட்டின் அமைப்பை அறிந்தால் இதன் உட்பொருள் இன்னும் விளங்கும். டிவிடி தகடு 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. நெகிழிப் படலங்கள் இரண்டு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றினிடையே மெல்லிய அலுமினியப் பூச்சு. கண்ணுக்குப் புலப்படாத சிறு பள்ளங்கள் சுருள் வரிசையாக அமைந்து படத்தைத் தாங்குகின்றன. அவற்றைப் படிப்பது முள்ளன்று, ஒளிக்கதிர். பழைய படச்சுருள் திரையில் ஓடுந்தோறும் கீறல் பெற்றது. இசைத்தட்டு ஒவ்வொரு முறையும் சிறிது தேய்ந்தது. தகடோ அப்படியன்று. ஒளி தொட்டுச் செல்வதால் அது தேய்வதில்லை. நூறு முறை பார்த்தாலும், கவனமாகக் கையாண்டால், பார்த்ததனால் குறைவதில்லை.

எனினும் சேகரிப்புச் சந்தையில் உறை பிரிக்காத தகட்டுக்கே விலை மிகுதி. யாரும் பார்க்காதது என்பதே அதன் சிறப்பாம்! பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள், பார்க்கப்படாமையால் விலை பெறுகிறது. இதைவிட வேடிக்கையான முரண் வேறுண்டோ?

அந்த மூடிய உறையும் எப்போதும் காப்பதில்லை. ஒட்டிய படலங்களினூடே காற்றும் ஈரமும் புகுந்தால் அலுமினியம் கெடுகிறது. தகடு மங்கி, படம் உறைந்து, இறுதியில் இயங்காமலே போகிறது. தயாரிப்பிலேயே குறையுள்ள தகடு, உறைக்குள் இருந்தவாறே கெட்டுவிடும். உடையவர் பிரித்துப் பார்க்காதவரை அதை அறியவும் மாட்டார். பல ஆண்டுகளாகத் தம்மிடம் செல்வம் இருப்பதாக எண்ணியிருப்பார். இருப்பது வெறும் வட்டமான நெகிழி. பூச்சியும் துருவும் அழிக்கும் மண்ணுலகச் செல்வத்தைப் பற்றி நம் ஆண்டவர் மலைமேல் கூறியதை (மத் 6:19) இதற்குமேல் விளக்க வேண்டுமா?

தாலந்து உவமையில் வரும் மூன்றாம் பணியாளனை (மத் 25:14-30) நாம் பெரும்பாலும் சோம்பேறி என்று மட்டும் நினைவில் கொள்கிறோம். அவன் தாலந்தைத் தொலைக்கவில்லை, திருடவில்லை, அப்படியே திருப்பிக் கொடுத்தான். காப்பது மட்டுமே கடமையாயின் அவன் குற்றமற்றவன். அவன்மேல் வந்த குற்றம் அதுவன்று. பயன்பட வேண்டியதைப் பயன்படாமல் புதைத்தானே, அதுவே குற்றம்.

காத்தவரும் திறந்தவரும்

இங்கே ஒரு தடை எழலாம். புதைத்து வைத்தது புதையலாகக் கிடைத்ததும் உண்டல்லவா? உண்டு. அத்தகைய வரலாற்றை நாமே மறக்கக் கூடாது.

1431இல் தீயிலிட்டுக் கொல்லப்பட்டு, 1920இல் புனிதராக உயர்த்தப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் இறுதி விசாரணையை, டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரேயர் 1928இல் படமாக்கினார். அதே ஆண்டு டிசம்பரில், பெர்லின் நகரில் நேர்ந்த தீவிபத்தில் அப்படத்தின் மூலச்சுருள் எரிந்துபோயிற்று. மனம் தளராத டிரேயர், முதலில் ஒதுக்கிவைத்திருந்த காட்சிகளைக் கொண்டே மீண்டும் ஒரு படத்தைத் தொகுத்தார். 1929இல் அதன் சுருளும் தீக்கிரையானது. தீயில் மாண்டவரின் படத்தை இருமுறை தீ தின்றது. அதன்பின் அரைகுறைப் படிகளே உலகில் உலவின. டிரேயர் 1968இல் இறந்தபோதும் நிலை அதுவே. 1981இல், நார்வே நாட்டின் ஆஸ்லோ நகருக்கு அருகே டிக்கேமார்க் மனநல மருத்துவமனையின் அலமாரி ஒன்றில் சில பழைய படப்பெட்டிகள் கிடைத்தன. திறந்து பார்த்தபோது, முதல் தீக்கு முந்தைய முழுப் படத்தின் படி அதில் இருந்தது!

அலமாரி அதைக் காத்தது உண்மை. ஆனால் அது காத்திருந்த ஐம்பது ஆண்டுகளில் அப்படத்தால் ஒருவருடைய நெஞ்சமும் கனியவில்லை. அலமாரியைத் திறந்த நாளன்றே அது மீண்டும் திரைப்படமாயிற்று. காத்தல் தேவையே, காத்தலின் நோக்கம் திறத்தல். மேலும், எல்லா அலமாரிகளும் இத்துணை நல்லவையாக இருப்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப் படங்களுள் தம் மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடே. மற்றவற்றுள் சில குறைபட்ட நிலையிலோ வேற்றுப் பதிப்பாகவோ கிடைக்கின்றன. பெரும்பகுதி மறைந்தே போயிற்று. விலை போகாத பழம்பொருள் என்று கருதப்பட்ட நாளிலே அவை அழிந்தன.

தமிழ்க் கத்தோலிக்கர்களாகிய நமக்கு இத்துயரம் புதிதன்று. அன்றீக்கு அடிகளார் எனப்படும் ஹென்றிக் ஹென்றிக்கஸ், 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழையது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலின் அறியப்பட்ட ஒரே படி, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அச்சிட்டவர் அதை அரும்பொருளாக்க எண்ணி அச்சிடவில்லை. முத்துக்குளித்துறையின் எளிய மக்கள் கையில் வைத்துச் செபம் கற்க வேண்டுமென்று அச்சிட்டார். அதை அருமையாக்கியது அவர் நோக்கம். அரிதாக்கியது நம் மறதி.

உரிமையாளரா, காப்பாளரா?

அப்படியாயின் அரிய தகட்டை வைத்திருப்பவர் யார்? அதன் முழு உரிமையாளரா? அல்லது காப்பாளரா?

நாட்டுச் சட்டம் முதற்பதிலைத் தருகிறது. விலைகொடுத்து வாங்கிய தகட்டை ஒருவர் விற்கலாம், இரவல் தரலாம், பரிசளிக்கலாம் என்பதை அமெரிக்கச் சட்டம் ஏற்கிறது. நூல்களுக்காக 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியிலிருந்து வளர்ந்த உரிமை இது. இணையவழி 'வாங்கும்' படங்களுக்கோ இவ்வுரிமை இல்லை. அங்கு நாம் பெறுவது பார்ப்பதற்கான இசைவு மட்டுமே. அதுவும் திரும்பப் பெறத்தக்கது. கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி, 2025 சனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், இவ்வுண்மையை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டுமென்று விற்பவருக்குக் கட்டளையிடுகிறது. எனவே தகட்டின் தனிச்சிறப்பு, அது நம்முடையது என்பதில் மட்டும் இல்லை. நம்முடையதாக இருப்பதால் நாம் அதைப் பிறருக்குத் தர முடியும் என்பதில் இருக்கிறது. தர முடியாததை உடைமை என்று சொல்வதெப்படி?

அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பொருளை ஈட்டவும் பேணவும் தனியுரிமை தகும். ஆனால் பயன்பாடு என்று வரும்போது, தேவைப்படுவோருடன் எளிதில் பகிரும் வண்ணம், அதைப் பொதுவானதாகவே கருத வேண்டும் என்கிறார். வள்ளுவர் ஒப்புரவு என்று இதற்குப் பெயரிட்டு, ஊர் நடுவே நிறைந்த ஊருணியைக் காட்டுகிறார்.

இவ்விரு வழிகளையும் இரண்டு உண்மை நிகழ்ச்சிகளில் காணலாம். நியூயார்க் நகரில் 'கிம்ஸ் வீடியோ' என்னும் புகழ்பெற்ற வாடகை நிலையம் இருந்தது. தொழில் நலிந்தபோது, அதன் உரிமையாளர் தம்மிடமிருந்த ஏறத்தாழ 55,000 படங்களை, சிதறாமல் காத்து மக்களுக்குத் திறந்துவைப்போர்க்கு இலவசமாகவே தர முன்வந்தார். இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள சலேமி என்னும் ஊர் 2009இல் அவற்றைப் பெற்றது. ஆனால் வாக்களித்தவாறு அவை மக்களுக்குப் பயன்படவில்லை. பல ஆண்டுகள் பூட்டிய அறையில் கிடந்தன. இறுதியில் 2022இல் அவை நியூயார்க் நகருக்கே மீட்டுக் கொண்டுவரப்பட்டு, மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கொடுத்தவர் குறை வைக்கவில்லை. பெற்றவரிடம் பொறுப்பு இல்லை. காக்கிறேன் என்று வாங்கிப் பூட்டிவைப்பதும் ஒருவகை இழப்பே.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1988இல் தொடங்கப்பட்ட 'ஸ்கேர்குரோ வீடியோ' வேறு வழி சென்றது. தனியார் கடையாக நடத்த இயலாத நிலை வந்தபோது, 2014இல் அது ஊதியம் நோக்காத பொது அமைப்பாக மாற்றப்பட்டது. இன்று அதன் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மிகுதியான படங்கள் உள்ளன. பதிப்பு நின்ற மிக அரிய படங்களையும் அது மறைத்துவைப்பதில்லை. முன்பணம் பெற்றுக்கொண்டு இரவல் தருகிறது. தந்தது திரும்பி வராமற்போகக் கூடும் என்ற அச்சம் அவர்களுக்கும் உண்டு, அதனாலன்றோ முன்பணம்! ஆயினும் அச்சத்துக்கு அஞ்சிக் கதவை அடைக்கவில்லை. விவேகமும் தாராளமும் கைகோத்து நிற்கும் இடம் இது.

படி எடுத்துப் பரப்பிவிட்டால் சிக்கல் தீர்ந்ததே என்பார் சிலர். பிறர் உழைப்புக்குரிய உரிமையை நம் விருப்பத்தால் மீற முடியாது. நல்ல நோக்கம் என்பது எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவியன்று. ஆனால் சட்டமும் கண்மூடி இருக்கவில்லை. சிதைந்துவரும் படைப்புக்கு மாற்றுப் படி நேரிய விலையில் கிடைக்காதபோது, நூலகங்கள் வரம்புக்குட்பட்டுப் படி எடுத்துக் காக்க அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. நேரிய விலை என்ற பழைய இறையியல் சொல், இன்றைய சட்டத்துக்குள்ளும் வந்து அமர்ந்திருப்பது கருதத்தக்கது. உரிமையை வைத்துக்கொண்டு, தாமும் வெளியிடாமல் பிறரையும் வெளியிட விடாமல் இருப்போரே இங்கு மிகுதியாகத் தம் மனச்சான்றை ஆராய வேண்டியவர்.

ஒரு சோதனை

உண்ண உணவின்றி வாடுவோர் நிறைந்த உலகில், பழைய படத்தகடுகளுக்காக இத்தனை கவலையா என்று கேட்போரும் இருப்பர். கேள்வி நேர்மையானதே. பசித்தவர் முன் தகடு ஒன்றுமில்லை. அரிய தகடு வாங்கச் செலவிடும் பெரும்பணம் ஏழையின் பங்காகக் கூடும் என்பதும் மெய்யே. ஆனால் இவ்வினா, அரிதாக்கி விலையேற்றும் வழக்கத்தையே முதலில் சுடுகிறது. படம் எளிதில் கிடைக்குமாயின் யாரும் அதற்காகப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லையே! மேலும் மனிதர் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி, 1995இல் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 45 படங்களைச் சிறந்தவை என்று பட்டியலிட்டது. டிரேயரின் ஜோன் படமும் ரெனுவாரின் படமும் அதில் உள்ளன. திருச்சபை பரிந்துரைத்த படத்தையே தேடிக் கண்டுபிடிக்க இயலாத நிலை ஏற்பட்டால், அந்தப் பரிந்துரைக்குப் பயன் என்ன?

அரிய பொருளை வைத்திருக்கும் எவரும் தம் உள்ளத்தை அறிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. நம்மிடம் மட்டுமே இருக்கும் ஒன்று, நாளையே ஆயிரக்கணக்கில் மறுபதிப்பாகி எல்லார்க்கும் கிடைக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்செய்தி நம்மை மகிழ்விக்கிறதா, வருத்துகிறதா? பதிப்பு நின்ற 'மாபெரும் மாயை' 2012இல் புதுப்பிக்கப்பட்டு, முன்னினும் தெளிவாக மீண்டும் வெளிவந்தது. பழைய தகட்டை வைத்திருந்தோருள் சிலர், இனி பலரும் பார்ப்பர் என்று மகிழ்ந்திருப்பர். சிலர், விலை போயிற்றே என்று வருந்தியிருப்பர். மகிழ்ந்தவர் படத்தை நேசித்தவர். வருந்தியவர் அதன் அரிமையை மட்டும் நேசித்தவர்.

திராட்சைத் தோட்ட உவமையில் (மத் 20:1-16) விடியற்காலையில் வந்த வேலையாளருக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. கடைசியில் வந்தவரும் அதையே பெற்றனர் என்பதே அவர்களின் முறுமுறுப்பு. பிறர்க்குக் கிடைக்காதிருந்தால்தான் நமக்குக் கிடைத்தது இனிக்கும் என்ற நோய் அது. தகடு சேர்ப்போரிடம் மட்டுமா இந்நோய் இருக்கிறது? கல்வியிலும், பதவியிலும், பங்கின் பொறுப்புகளிலும், ஏன், பக்தியிலும்கூட இது தலைகாட்டுவதில்லையா?

இறையருளைப் போல் அருமையானது வேறொன்றில்லை. அதுவோ நல்லோர்க்கும் தீயோர்க்கும் பொழியும் மழையென எங்கும் நிறைந்திருக்கிறது. எங்கும் இருப்பதனால் அதன் மதிப்பு குறைந்ததுண்டா? நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் அச்சு நின்றுபோன செபநூல்களும் பாடல் ஏடுகளும் பழைய ஒலிநாடாக்களும், தகடுகளும் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றுள் சில, உலகில் எஞ்சிய ஒரே படியாகவும் இருக்கலாம். விலை பேசுவோர் வந்து கதவைத் தட்டும்வரை காத்திராமல், இன்றே அவற்றை எடுத்துத் தூசி தட்டுவோம். கெடாமல் காப்போம், கேட்பவர்க்குக் காட்டுவோம், நம்பத் தகுந்தவர்க்கு இரவல் தருவோம். நம் கையிலிருப்பது எல்லார்க்கும் கிடைக்கும் நாள் வருமாயின், அந்நாளில் மனமார மகிழும் உள்ளத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.